எந்தத் தண்ணீருக்கு எந்தப் படகு?

கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்கள் வடசேரிக்குப் பக்கத்தில் ஒழுகினசேரியில் பழையாறு ஓடுகிறது. சுசீந்திரத்தைத் தாண்டி, வயல்களையும் தென்னந்தோப்புகளையும் பார்த்துக்கொண்டே போய், மணக்குடியில் காயலாக விரிகிறது. அதற்கு அப்பால் பொழிமுகம். பொழி தாண்டினால் கடல். ஒரே ஆறுதான். ஆனால் படகு செய்கிறவருக்கு அது மூன்று வேறு தண்ணீர். மேலே ஒடுங்கிய, ஆழம் குறைந்த ஓட்டம். நடுவில் அசையாத காயல். கடைசியில் கரையில் வந்து உடையும் அலை.

உங்கள் விருப்பப்படி ஒரு படகு செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எதில் தொடங்குவீர்கள்? பள்ளிக்கூடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "தேக்கு மரத்தில் செய்யலாம்" என்று சிலர் சொல்வார்கள். "எஞ்சின் வைக்கணும்" என்பார்கள் சிலர். படகு கட்டும் ஆசாரிமார் அங்கே தொடங்குவதில்லை. படகு எங்கே ஓடப்போகிறது, எத்தனை பேர் ஏறுவார்கள், திரும்பி வந்ததும் அதை எங்கே நிறுத்துவீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்குள்ளேதான் நிறைய அறிவியல் இருக்கிறது.

முதலில் மிதப்பு. படகு தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை விலக்கும்வரை கீழே இறங்கும், பிறகு நிற்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதி இது. பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதை வைத்து ஒரு படகின் ஆழத்தையே கணக்கிட்டுவிடலாம். தட்டையான அடிப்பகுதி உள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். தண்ணீரைத் தொடும் அடிப்பலகையின் நீளம் 3.6 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 4.3 சதுர மீட்டர். அந்தப் படகு 1 சென்டிமீட்டர் கீழே இறங்கினால் 43 லிட்டர் தண்ணீரை விலக்கும். 43 லிட்டர் தண்ணீரின் எடை 43 கிலோ. ஆகவே உங்கள் வயதுப் பிள்ளை ஒருவர் ஏறினால் படகு 1 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இறங்கும்.

படகின் எடை 130 கிலோ, அதில் ஏறும் மூன்று பெரியவர்கள் 200 கிலோ, வலையும் மீன்கூடையும் 100 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 430 கிலோ. படகு 10 சென்டிமீட்டர் இறங்கி நிற்கும். முழங்காலுக்கும் குறைவான தண்ணீரில்கூட இது தரைதட்டாமல் போகும். அதே அகலத்தில் அடிப்பகுதியை 'வி' எழுத்தின் வடிவில் கூராகச் செய்தால் என்ன ஆகும்? முக்கோணத்தின் பரப்பு செவ்வகத்தின் பரப்பில் பாதிதானே? அதே எடையைத் தாங்க இருமடங்கு, அதாவது 20 சென்டிமீட்டர் இறங்க வேண்டிவரும். கூர்மையான அடிப்பகுதி அலையை வெட்டிக்கொண்டு போகும், நேராகவும் போகும். ஆனால் ஆழம் குறைந்த ஆற்றில் கல்லில் இடிக்கும்.

அடுத்தது, படகு கவிழாமல் நிற்பது. இதில் அகலம் செய்யும் வேலை வியப்பானது. படகின் அகலத்தை இருமடங்காக்கினால், சாய்வை எதிர்த்து நிமிரும் அதன் திறன் இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. இரண்டை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், எட்டு வரும். ஒடுங்கிய தோணியில் ஒருவர் எழுந்து நின்றாலே உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் பயப்படுவதும், சற்றே அகலமான வள்ளத்தில் நின்றுகொண்டே வலை வீசுவதும் இதனால்தான். பக்கப்பலகைகளை மேலே போகப்போக வெளிப்பக்கம் சரித்து வைப்பதும் நல்ல உத்தி. படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிகத் தண்ணீர் விலகும். விலகிய தண்ணீர் படகை மேலே தள்ளும்.

இனி நம்முடைய கடலுக்குப் போவோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரையில் பெரும்பாலான இடங்களில் இயற்கையான துறைமுகம் கிடையாது. குளச்சலில் பாறைகள் அலையை ஓரளவு மறிக்கின்றன. மற்ற ஊர்களில் அலை நேரே வந்து மணலில் அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த அடி பலமாக இருக்கும். மீனவர்கள் அந்த அலையைக் கடந்து போக வேண்டும். திரும்பி வந்து மணலில் ஏற வேண்டும். ஏறியதும் படகைக் கையாலேயே மேலே இழுத்து வைக்க வேண்டும். இந்த மூன்றும்தான் இங்கே படகின் வடிவத்தைத் தீர்மானித்தன.

உடையும் அலையில் படகுக்கு இரண்டு ஆபத்துகள். ஒன்று, அலை பின்பக்கத்தைத் தள்ளித் திருப்பிவிட்டால் படகு அலைக்குக் குறுக்கே நின்றுவிடும். அடுத்த அலை கவிழ்த்துவிடும். இரண்டு, அலை படகுக்குள் விழுவது. நாம் கணக்குப்போட்ட அதே படகுக்குள் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறைந்தால் அதன் எடை 860 கிலோ. சில விநாடிகளில் அவ்வளவு பாரம் ஏறிவிட்டால், பிறகு படகு யார் பேச்சையும் கேட்காது.

இந்த இரண்டாவது ஆபத்தை அடியோடு இல்லாமல் செய்த படகு கட்டுமரம். அதில் 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. நீளமான மரத்தடிகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கம் வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மேலே விழும் தண்ணீர் இடுக்கு வழியாகக் கீழே போய்விடும். அணியம், அதாவது முன்பகுதி, மேல்நோக்கிச் செதுக்கப்பட்டிருப்பதால் அலையின்மேல் ஏறும். கவிழ்ந்தாலும் மூழ்காது; புரட்டிப்போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். கரை வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியாகத் தூக்கிப்போய் வெயிலில் உலர்த்துவார்கள். கிரேன் இல்லாத கரையில், முழுப் படகாகத் தூக்க முடியாததைப் பகுதி பகுதியாகத் தூக்கும் இந்த யோசனையை நான் பெரிய பொறியியல் என்றே சொல்வேன்.

அது ஏன் உலர்த்த வேண்டும்? மரம் மிதக்கும் என்றுதானே நாம் நினைக்கிறோம்? மரத்தின் நார்ச்சுவர் மட்டும் தனியே கிடைத்தால் அது தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தி உள்ளது, போட்டால் மூழ்கும். மரத்துக்குள் லட்சக்கணக்கான நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. மரம் உலர்ந்தபின் அவற்றில் காற்று நிறைந்திருக்கும். மரத்தை மிதக்கவைப்பது அந்தக் காற்று. நாளெல்லாம் கடலில் கிடந்தால் குழல்களுக்குள் மெல்ல மெல்லத் தண்ணீர் புகுந்து காற்றை வெளியேற்றும், மரம் கனத்துப்போகும். வெயிலில் காயவைத்தால் தண்ணீர் போய்க் காற்று திரும்பும்.

இப்போது "தேக்கில் செய்யலாம்" என்றவர்களுக்குப் பதில் சொல்கிறேன். தேக்கு ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 650 கிலோ. கட்டுமரத்துக்குப் பயன்படும் அல்பீசியா ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 300 கிலோதான். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. முழுவதும் நீருக்குள் அமிழ்ந்த தேக்கு, தன் எடை போக 350 கிலோவைத் தாங்கும். அல்பீசியா 700 கிலோவைத் தாங்கும். விலை உயர்ந்த மரத்தைவிட எடை குறைந்த மரம் இருமடங்கு சுமை தாங்குகிறது! ஆனால் எடை குறைந்த மரத்துக்கு ஒரு குறையும் உண்டு. குழல்கள் பெரிதாக இருப்பதால் தண்ணீரையும் வேகமாகக் குடிக்கும், சீக்கிரம் மட்கும். ஒரு படகில் எல்லா நன்மையும் சேர்ந்து கிடைப்பதே இல்லை. ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கட்டுமரத்தோடு வள்ளங்களும் நம் கரையில் இருந்தன. அயினி, மா முதலிய மரங்களின் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை அவை. ஆணி அடிக்காமல் ஏன் தைத்தார்கள்? இரும்பாணி உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். தைத்த படகு மணலில் மோதும்போது கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல் சரக்குகளை அலை தாண்டிக் கரை சேர்த்த மசுலாப் படகுகளும் தைத்தவைதான். வள்ளங்களுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் கரிய எண்ணெயைப் பூசுவார்கள். நம் மாவட்டத்தில் முந்திரி ஆலைகளுக்குக் குறைவில்லை. கையில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் அந்த எண்ணெயில் பீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. மரத்தை அரிக்கும் பூஞ்சையையும் பூச்சியையும் அவை நெருங்கவிடாது. பீனால் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது மறுபடியும் வரும்.

இங்கே கொஞ்சம் தொலைவு போய் வருவோம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓரிகன் என்றொரு மாநிலம். அங்கே மெக்கென்சி என்ற ஆறு மலையிலிருந்து பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு இறங்குகிறது. அந்த ஆற்றில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஒரு தனி வகைப் படகு வைத்திருக்கிறார்கள். ஆற்றோட்டத்தோடு மிதந்து இறங்குவதற்கான படகு அது. எஞ்சின் இல்லை, இரண்டு நீளமான துடுப்புகள் மட்டும். பெரும்பாலும் 16 அடி நீளம் இருக்கும், அடிப்பகுதி தட்டை, பக்கங்கள் வெளியே சரிந்தவை. 1940களில் வுடி ஹிண்ட்மன் என்ற படகுக் கலைஞர் அதன் வடிவத்தை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

அந்தப் படகைப் பக்கவாட்டில் பார்த்தால் அடிப்பகுதி நேராக இருக்காது. முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைந்திருக்கும். ஓர் ஏத்தன் வாழைப்பழத்தை மேசைமேல் வளைவு கீழே இருக்கும்படி வைத்து, ஒரு நுனியை விரலால் தட்டுங்கள். நடுப்பகுதி மட்டும் மேசையைத் தொடுவதால் சட்டென்று சுழலும். அப்படித்தான் அந்தப் படகும். முனைகள் தண்ணீருக்கு மேலே நிற்பதால், துடுப்பை ஒரு தடவை இழுத்தாலே படகு திரும்பிவிடும். எதிரே பாறை வருகிறது என்றால் இந்தக் குணம் உயிரைக் காக்கும்.

துடுப்புப் போடுகிறவர் அதில் உட்காரும் விதமும் நமக்குப் புதிது. ஆறு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, துடுப்பைத் தன் பக்கம் இழுப்பார். அப்படி இழுத்தால் படகு பின்னோக்கித்தானே போகும்? ஆமாம், வேகத்தைக் குறைப்பதற்காகவே அப்படிச் செய்கிறார். படகு ஆற்றைவிட மெதுவாகப் போகும். படகின் வாலை வலப்பக்கம் சாய்த்து இழுத்தால் படகு வலப்பக்கம் நகரும். இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம் நகரும். பாறையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதைவிட்டு விலகிப் போய்விடுவார்.

இவ்வளவு அருமையான படகை மணக்குடிக் காயலுக்குக் கொண்டுவந்தால்? நேராகப் போகவே போகாது. ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் தலையை ஆட்டும். காற்று அடித்தால் உயரமான பக்கங்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். பின்னால் எஞ்சின் மாட்டினால் வளைந்த பின்பகுதி தண்ணீருக்குள் அழுந்தி, மூக்கு வானத்தைப் பார்க்கும். மெக்கென்சி ஆற்றில் உயிரைக் காக்கும் அதே வளைவு இங்கே தொல்லையாகிவிடுகிறது.

ஓரிகனையும் நம் கடற்கரை ஊரான முட்டத்தையும் ஒரு பொருள் இணைக்கிறது. அதுதான் பிளைவுட். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் 1905இல் நடந்த ஒரு பெரிய கண்காட்சியில், அந்தப் பகுதி மரத்தை மெல்லிய தாளாகச் சீவி ஒட்டிய பலகைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். தொடக்கத்தில் அந்தப் பலகைகள் நனைந்தால் பிரிந்துவிடும். 1934இல் ஜேம்ஸ் நெவின் என்ற வேதியியலாளர் தண்ணீரில் கரையாத பசையை உருவாக்கினார். பிறகு மெக்கென்சிப் படகுகள் பலகையை விட்டுவிட்டு பிளைவுட்டுக்கு மாறின.

நம் பக்கத்தில் கதை வேறு மாதிரி. 1970களில் பெரிய மரத்தடிகள் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிக்கொண்டே போனது. பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் பியர் ஜிலே முட்டத்தில் தங்கி, கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகு கட்டும் நிலையத்தில் மீனவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். கட்டுமரத்தைப்போல் மூழ்காமலும் மணலில் ஏறக்கூடியதாகவும் இருக்க வேண்டும், பெரிய தடி இல்லாமலே செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று பிளைவுட்டில் படகுகள் உருவாக்கிப் பார்த்தார்கள். அலையைத் தாண்டும் படகுகளில் தேர்ந்தவரான இங்கிலாந்து வடிவமைப்பாளர் எட்வின் கிஃபோர்டும் இந்த முயற்சிகளுக்கு உதவினார். 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, பின்னர் பல ஊர்களில் படகு கட்டும் நிலையங்கள் நடத்தி பிளைவுட் வள்ளங்களைப் பரப்பியது. ஜிலே தன் அனுபவங்களை எழுதிய ஆங்கில நூல் 1985இல் நாகர்கோவிலிலிருந்தே வெளிவந்தது. ஒரு புதிய படகைக் கண்டுபிடிப்பதைவிட, அதை மீனவர்களின் கைக்கும் கரைக்கும் பொருந்தச் செய்வதுதான் கடினம் என்பதை அந்த அனுபவங்கள் காட்டுகின்றன. எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது. மீனவர்கள் ஏறிப் பார்த்து, "இது சரியில்லை" என்று சொன்ன பிறகு மாற்றி மாற்றிச் செய்யப்பட்ட படகுகள் அவை.

பிளைவுட்டின் வலிமை எங்கிருந்து வருகிறது? ஒரு மெல்லிய மரச்சீவலை எடுத்து நார் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒடித்துப் பாருங்கள், கடினமாக இருக்கும். நார் ஓடும் திசையிலேயே பிளந்தால் எளிதாகப் பிரியும். ஒரு திசையில் பலம், இன்னொரு திசையில் பலவீனம். நனைந்தால் மரம் அகலவாக்கில்தான் அதிகம் உப்பும், நீளவாக்கில் உப்புவது மிகக் குறைவு. பிளைவுட்டில் ஒரு தாளின்மேல் அடுத்த தாளைக் குறுக்காக வைத்து ஒட்டுகிறார்கள். ஒன்றின் பலவீனத்தை அடுத்தது தாங்குகிறது. ஒன்று உப்ப முயன்றால் அடுத்தது பிடித்துக்கொள்கிறது. தாள்களின் எண்ணிக்கை 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகவே இருக்கும். அப்போதுதான் மேல்தாளும் அடித்தாளும் ஒரே திசையில் நின்று, பலகை கோணாமல் இருக்கும்.

எல்லா பிளைவுட்டும் படகுக்கு ஆகாது. கடையில் வாங்கும்போது 'ஐ.எஸ். 710' என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடலுக்கான பிளைவுட்டுக்கு இந்தியத் தர நிறுவனம் வகுத்த தரம் அது. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் தாள்கள் பிரியக் கூடாது என்பது அதன் சோதனை. அவ்வளவையும் தாங்கும் பசை எது தெரியுமா? பீனால் ஃபார்மால்டிஹைடு. முந்திரிக்கொட்டை எண்ணெயில் பார்த்த அதே பீனால் குடும்பம்தான்.

பிளைவுட்டுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு காகிதத் தாளை எடுத்துச் சுருட்டினால் குழல் வரும், கூம்பும் வரும். அதே தாளை ஒரு பந்தின்மேல் மடிப்பு விழாமல் ஒட்டிப் பாருங்கள். முடியாது. ஒரு திசையில் வளைந்த தாள் அதே இடத்தில் இன்னொரு திசையிலும் வளைய ஒப்புக்கொள்ளாது. பிளைவுட்டும் அப்படியே. அதனால் பிளைவுட் படகில் பானையைப்போன்ற உருண்ட வயிறு வராது. அடிப்பலகையும் பக்கப்பலகையும் ஒரு விளிம்பில் சந்திக்கும். தண்ணீர் ஒரு வடிவத்தைக் கேட்கிறது, பொருளும் ஒரு வடிவத்தைக் கேட்கிறது. படகு வடிவமைக்கிறவர் இரண்டு பேரையும் சமாதானம் செய்ய வேண்டும்.

முட்டம் முயற்சிகளின் காலத்தில் பரவிய ஒரு முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பிளைவுட் 8 அடி நீளம், 4 அடி அகலத்தில் வரும். நீளமான படகுக்கு இரண்டு பலகைகளை இணைக்க வேண்டும். வெறுமனே முனையோடு முனை வைத்து ஒட்டினால் பிடிக்காது. இரண்டு முனைகளையும் சரிவாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுவார்கள். சரிவின் நீளம் பலகைக் கனத்தைப்போல் எட்டு மடங்கு வேண்டும். 12 மில்லிமீட்டர் பலகை என்றால் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் சரிவு. ஒட்டும் பரப்பு பெரிதாவதால் பிடிப்பும் பெரிதாகும். பிறகு வடிவத்துக்கு வெட்டிய பலகைகளின் ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்குவார்கள். தட்டையாகக் கிடந்த பலகைகள் கம்பி இறுக இறுகத் தாமே வளைந்து நிமிர்ந்து படகாகும். கடைசியில் தையலின்மேல் உள்ளும் புறமும் கண்ணாடியிழை நாடாவை வைத்து ரெசின் என்ற பிசினைப் பூசுவார்கள். கயிற்றால் தைத்த வள்ளத்தின் வேலையைச் செம்புக் கம்பியும் ரெசினும் எடுத்துக்கொண்டன.

பலகையின் கனம் எவ்வளவு? 6 மில்லிமீட்டர் பலகைக்குப் பதில் 12 மில்லிமீட்டர் போட்டால் எடை இருமடங்கு. வளையாமல் நிற்கும் விறைப்போ எட்டு மடங்கு. அகலத்தில் பார்த்த அதே கணக்கு இங்கேயும் வருகிறது. அதற்காக 24 மில்லிமீட்டர் போட்டுவிட முடியாது. கரையில் இழுக்கிற தோள்களையும் நினைக்க வேண்டும். மணலில் உரசும் அடிப்பகுதிக்குக் கனமான பலகை, பக்கங்களுக்கு மெல்லிய பலகை என்று பிரித்துப் போடுவதே வழக்கம்.

படகுகள் மறுபடி மாறியது ஒரு பேரழிவுக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் கடற்கரையைத் தாக்கியது. குளச்சலிலும் மணக்குடியிலும் பெரிய இழப்பு. மணக்குடியில் பழையாற்றின்மேல் நின்ற பாலத்தையே அலை அடித்துக்கொண்டு போனது. கட்டுமரங்களும் வள்ளங்களும் நொறுங்கின. அதன்பிறகு தமிழ்நாட்டுக் கரைகளுக்கு நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். இன்று எந்தக் கடற்கரைக்குப் போனாலும் வரிசையாக நிற்பது அவைதான்.

ஃபைபர் படகைச் செய்ய முதலில் ஓர் அச்சு வேண்டும். அச்சுக்குள் வண்ணப்பூச்சு ஒன்றைத் தடவி, அதன்மேல் கண்ணாடியிழைப் பாயை விரித்து, இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த ரெசினைத் தூரிகையால் தடவி ஊற வைப்பார்கள். காற்றுக் குமிழி ஒன்றுகூட நிற்காமல் உருளையால் அழுத்த வேண்டும். குமிழி நின்ற இடத்தில் பின்னால் வெடிப்பு வரும். திரவமாக இருந்த ரெசின் சூடாகி, கல்லாக இறுகும். இழை இழுவிசையைத் தாங்கும். ரெசின் இழைகளை இடம்விட்டு நகராமல் பிடித்திருக்கும். பிளைவுட்டின் பிடிவாதம் இதற்குக் கிடையாது. எந்தப் பக்கமும் வளைக்கலாம். கப்பல் புழு என்று ஓர் உயிரினம் உண்டு; பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். அது மரத்தைத் துளைத்து வாழும். ஃபைபரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ஃபைபரின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மரத்தின் நார்ச்சுவருக்குச் சொன்ன அதே அளவு! வேறுபாடு என்னவென்றால், ஃபைபருக்குள் காற்றுக் குழல்கள் இல்லை. தண்ணீர் நிறைந்தால் படகு மூழ்கிவிடும். அதனால் முன்னும் பின்னும் மூடிய அறைகள் வைத்து அவற்றில் நுரைப்பொருளை அடைக்க வேண்டும். மரம் தானாகவே வைத்திருந்த காற்றை இங்கே நாம் வைக்கிறோம். ஃபைபரில் எனக்கு இருக்கும் பெரிய கவலை வேறு. பழுதான கட்டுமரம் அடுப்புக்கு விறகாகும். பழுதான ஃபைபர் படகு எதற்கும் ஆகாது. மட்காது, எரித்தால் நச்சுப்புகை வரும், உருக்கி மறுபடி செய்யவும் முடியாது.

அலுமினியமும் உண்டு. ஓரிகனில் அது நிறைய ஓடுகிறது. பாறையில் மோதினால் உடையாது, நெளியும். ஆனால் அடி வழுக்காமல் பாறையைப் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். சத்தத்துக்கு மீனும் ஓடும். கடலில் இன்னொரு சிக்கல்: உப்புத் தண்ணீரில் அலுமினியத்தோடு செம்போ பித்தளையோ தொட்டுக்கொண்டிருந்தால் அவை மின்கலம்போல் வேலை செய்து அலுமினியம் அரிக்கப்படும்.

சரி, நம் பழையாற்றுக்கு வருவோம். என்னைக் கேட்டால், மணக்குடிக் காயலில் பிள்ளைகள் துடுப்புப் பழகுவதற்கு பிளைவுட் படகுதான். தட்டை அடி, வளைவு மிகக் கொஞ்சம், அகலம் தாராளம், முன்னும் பின்னும் மூடிய காற்றறைகள். ஓட்டை விழுந்தால் உள்ளூர் ஆசாரியே ஒட்டுப்போட்டுவிடுவார். பொழி தாண்டி அலைக்குள் போகிறவருக்கு இரண்டு முனையும் மேலெழுந்த, நுரை அடைத்த ஃபைபர் படகு. எஞ்சின் வேண்டாம், கரையோரம் தூண்டில் போட்டால் போதும் என்பவருக்கு இன்றும் கட்டுமரத்தை மிஞ்ச ஒன்று இல்லை. ஒழுகினசேரிப் பக்கத்து ஒடுங்கிய ஓட்டத்துக்கு, இருவர் தோளில் தூக்கிப்போகும் சிறிய தோணி.

நீங்களும் வீட்டில் வடிவமைத்துப் பார்க்கலாம். சாப்பாடு பொதிகிற அலுமினியத் தாளில் ஒரே அளவாக மூன்று துண்டு வெட்டுங்கள். ஒன்றில் தட்டை அடியும் செங்குத்துப் பக்கமும், ஒன்றில் தட்டை அடியும் வெளியே சரிந்த பக்கமும், ஒன்றில் கூரான அடியும் வைத்து மூன்று படகு மடியுங்கள். வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மூழ்கும்வரை புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக வையுங்கள். முதலில் எல்லாவற்றையும் நடுவில் வைத்து எண்ணுங்கள். அடுத்த தடவை ஒரே ஓரத்தில் வைத்து எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு வாளியைக் கையால் அலைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். அமைதியான தண்ணீரில் வென்ற படகும் அலையில் வென்ற படகும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஆற்றிலோ குளத்திலோ செய்து பார்க்க ஆசை வந்தால், நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.